காலாவதியாகாத விடுப்பு

இறந்துபோன கணவரோடு ஒரு முழுப் பகலைக் கழிக்க அந்நாளில் இருநூற்று முப்பத்தாறு ரூபாய் செலவானது. போக வர பேருந்துக் கட்டணம், பறவைகள் சரணாலயத்து நுழைவுச்சீட்டு இரண்டு, பைனாகுலர் வாடகை, ஆளுக்கு இரண்டு தேநீர், ஒரு பொட்டலம் வறுத்த கடலை எல்லாம் இதில் அடக்கம். இரண்டாம் ஆண்டு பேருந்துக் கட்டணம் ஏறியபோது இருநூற்று ஐம்பத்தொன்பது ஆயிற்று. சரக்கின் தரத்துக்கு இது மலிவு என்றுதான் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிற கணவரைக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குப் போனவர்கள் முந்நூறுக்குக் குறையாமல் விட்டுவிட்டு, போதாக்குறைக்குத் தலைவலியும் வாங்கிக்கொண்டு திரும்பியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அந்தக் கணவர், கடைத்தெரு மூலையில் இருந்த இரும்புச் சாமான் மொத்தக் கடையில் இருபத்தொன்பது ஆண்டுகள் கிடங்குக் கணக்கராக இருந்தவர். ஆணி, கீல், தாழ்ப்பாள், கம்பிவலை, பெரிய கேட்டுகள் என்று மூன்று மாடிக் கிடங்கில் எந்தச் சரக்கு எந்தத் தட்டில் தூங்குகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சாயங்காலம் கிடங்கைப் பூட்டிப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய், சந்தேகம் பிடித்துத் திரும்பி வந்து, நான்காம் முறையும் இழுப்பார். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே பூட்டு. அவருடைய மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜன்னல் திரைகளும் தலையணை உறைகளும் தைத்தாள். ஒரே மகள் வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கர் கிடங்கில் வேறு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

முதலாளி கடை தொடங்கிய புதிதில், ஆள் சேர்க்க வேண்டுமே என்று, ஒரு விடுப்பு அட்டையை அழகாக அச்சடித்திருந்தார். காசு ஆகாத இடத்தில் வியாபாரியின் கை தாராளமாகிவிடும். விடுப்பைப் பணமாக மாற்றித் தர இயலாது என்று முதல் வரியில் கறாராகப் போட்டவர், அந்தக் கறாருக்கு ஈடுகட்டுவதுபோல, விடுப்பு எக்காரணத்தாலும் காலாவதி ஆகாது என்று இரண்டாம் வரியில் போட்டார். விடுப்பில் இருப்பவரை வேலைக்கு அழைத்தால் தக்க ஈடு தரப்படும் என்று மூன்றாவதாகவும் ஒன்று போட்டு வைத்தார். கொடுக்கப்போவதில்லை என்று முடிவான பொருளுக்கு எத்தனை உத்தரவாதம் எழுதினால்தான் என்ன? பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் ஆண்டுதோறும் தரும் காலண்டரில் அருவி, ஏரி, மான் கூட்டம் என்று படங்கள் வரும். அதில் ஒன்றைப் பார்த்துக் கணக்கர் வருடத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவார். இன்ன இடத்துக்குக் குடும்பத்தோடு போய் வர இரண்டு நாள். தேதி போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவார், முதலாளி தம் வசதிப்படி போட்டுக்கொள்ளட்டும் என்ற மரியாதையில். முதலாளி வாங்கிப் படித்து, "நல்ல இடம். ஸ்டாக் எடுத்து முடிச்சுட்டுப் போங்களேன்" என்று மேஜை இழுப்பறையில் போடுவார். ஸ்டாக் எடுத்து முடிப்பதற்குள் அடுத்த சரக்கு வந்து இறங்கிவிடும். இழுப்பறையில் இருபத்தொன்பது விண்ணப்பங்கள் சேர்ந்தன. முதல் வருடம் ஒரு நாள்தான் கேட்க முடியும், மற்ற வருடங்களில் இரண்டிரண்டு. ஆக மொத்தம் ஐம்பத்தேழு நாள்.

ஒரு வியாழக்கிழமை இரண்டாம் மாடியில் கதவுக் கைப்பிடிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கணக்கர் இறந்தார். இருநூற்றுப் பன்னிரண்டோடு எண்ணிக்கை நின்றது. மூன்று வாரம் கழித்து, கோப்பை முடிக்க வேண்டுமே என்று இழுப்பறையைத் துழாவிய முதலாளி விண்ணப்பக் கட்டைப் பார்த்தார். கையெழுத்தில்லாத காகிதங்களை வைத்திருந்தால் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து யாராவது வந்து கேள்வி கேட்பார்கள். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. ஒரே உட்காரலில் இருபத்தொன்பதிலும் 'அனுமதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கணக்கரின் குடையோடும் சாப்பாட்டுப் பெட்டியோடும் தையற்காரியிடம் ஒப்படைத்தார். "பணமா தர விதியில இடமில்லம்மா. ஆனா ஒண்ணு விடாம அனுமதிச்சுட்டேன்" என்றார், நிஜமாகவே எதையோ எடுத்துக் கொடுத்துவிட்டவர்போல.

தையற்காரி கட்டை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். பொத்தான் வைக்காத சட்டையைப் பார்த்தால் கை பரபரக்கும் ஜாதி அவள். எல்லாத் தாளிலும் தேதி போடும் இடம் வெறுமையாக இருந்தது அவளை உறுத்தியது. ஒரு திங்கட்கிழமை மேலே இருந்த பறவைகள் சரணாலயத் தாளை எடுத்து, மறுநாளையும் அதற்கடுத்த நாளையும் தேதியாக எழுதினாள். எழுதியபின் சும்மா இருக்க முடியவில்லை. எழுதியது எழுதியதுதானே என்று விடிந்ததும் பேருந்து ஏறினாள். இறங்கி நடக்கும்போது தன் பைத்தியக்காரத்தனத்தை நினைத்துத் தானே இரண்டு முறை சிரித்துக்கொண்டாள். சரணாலயச் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் வரிசையில் முதலாவதாகக் கணக்கர் நின்றிருந்தார். கடைக்குப் போட்டுப்போகும் அதே சாம்பல் சட்டை, பையில் அதே பேனா. சீட்டுக்காரரிடம் விலைப்பலகையைக் காட்டி நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆளுக்கு இருபது, கேமராவுக்கு ஐம்பதா? கேமரா என்ன ரெண்டு ஆள் இடத்தையா அடைக்குது?"

"அது ஆளவிட நல்லாப் பாக்குதுல்ல சார்" என்றார் சீட்டுக்காரர்.

கணக்கர் திரும்பினார். "வந்துட்டியா. கேஸ மூடுனியா? கதவு?"

"மூணு தடவ இழுத்துப் பாத்துட்டேன்" என்றாள் தையற்காரி. பிறகு 'பறவைகளுக்கு உணவளிக்காதீர்' என்று எழுதியிருந்த சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்து, நாற்பது ஐம்பது பேர் டிக்கெட் வாங்கி உள்ளே போகும்வரை அழுதாள். கணக்கர் பக்கத்தில் நின்று அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டார்.

நடைமுறை எல்லாம் இரண்டு மூன்று பயணங்களில் பிடிபட்டுவிட்டது. இடம் திறக்கும் நேரத்தில் கணக்கர் வாசலில் இருப்பார். அடைக்கும் நேரத்தில் காவலாளி விசில் ஊதுவார். இரண்டாவது விசில் ஓய்வதற்குள் கணக்கர் இருக்கமாட்டார். அவர் உட்கார்ந்திருந்த இடம் கொஞ்ச நேரம் சூடாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு நாள் விடுப்பென்றால் மறுநாள் காலை திரும்பவும் வாசலில் நிற்பார். எல்லை தாண்டி வர முடியாது. சாப்பிடுவார், முன்னைவிட நன்றாகவே. அங்கே எப்படி இருக்கிறது என்று ஒருமுறை அவள் கேட்டதற்கு, "அதெல்லாம் ஆபீஸ் விஷயம்" என்று சொல்லிவிட்டார். அவளும் அதற்கு மேல் துருவவில்லை. வேலை விஷயத்தை வீட்டில் பேசுகிற பழக்கம் அவருக்கு முன்பும் இருந்ததில்லை. தங்கும் விடுதிகளில் ஒற்றைக் கட்டில் அறையே போதுமாக இருந்தது. சீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்தபோது தையற்காரி சலுகை உண்டா என்று கேட்டுப் பார்த்தாள். பலகையில் பெரியவர், சிறுவர், மாணவர் குழு என்றுதான் இருந்தது. "உள்ள வந்து பறவைய பாக்கறாருல்லம்மா? பாத்தா முழு டிக்கெட்தான்" என்றார் அவர். அதில் நியாயம் இருந்ததால் அவள் பேரத்தை வளர்க்கவில்லை.

முதல் பத்து நாட்களைப் பாழாக்கினார்கள் என்றே சொல்ல வேண்டும். சும்மா இருப்பது கணக்கருக்குப் பழக்கமில்லாத வேலை. சரணாலயத்தில் கூழைக்கடாக்களை எண்ணினார். நானூற்றுப் பதினாறு வந்தது. மறுபடி எண்ணினால் நானூற்றுப் பதினாலு. காணாமல் போன இரண்டையும் கண்டுபிடிக்காமல் தேநீரைத் தொடமாட்டேன் என்றார். அருவிக்குப் போனால், தண்ணீர் கொட்டுவதை விட்டுவிட்டு, கைப்பிடிக் கம்பிகளில் திருகு கழன்ற இடங்களைக் காவலாளியிடம் காட்டிக்கொண்டிருந்தார். மான் காட்டில் வண்டியின் பின்கதவுத் தாழ்ப்பாள் எந்தக் கம்பெனி என்பதில் மனம் போய்விட்டதால், மான்கள் வந்ததும் போனதும் தெரியவில்லை. தையற்காரி வாய்விட்டே திட்டினாள். உயிரோடு இருந்தபோது பிடித்துவைக்க முடியாத மனுஷனை இப்போது காசு கொடுத்துப் பார்க்க வந்தும் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்றாள். இரண்டு விசிலுக்கு இடையில்கூடச் சண்டை நடந்தது. வாக்கியத்தின் பாதியில் கணக்கர் மறைந்துவிட, மீதியை அவள் வெற்று பெஞ்சைப் பார்த்துச் சொல்லி முடித்த நாளும் உண்டு.

ஐந்து வாரத்தில் ஐந்து தாள் தீர்ந்திருந்தது. விஷயம் கேள்விப்பட்டு மகள் வந்தாள். அவள் நர்ஸ், மருந்துப் பெட்டியில் எத்தனை ஊசி மீதி இருக்கிறது என்பதில்தான் முதலில் கண் போகும்.

"என்னம்மா இது, வாரத்துக்கு ரெண்டு நாளா? இப்படியே போனா வருஷக் கடைசிக்குள்ள காலி. சேத்து வெச்சுச் செலவழிங்க."

"சேத்து வெச்ச லட்சணம் தெரியாதா? உங்கப்பா சேத்து வெச்சதுதான் இது."

"அதுக்காக அள்ளி விடுவீங்களா? ரெண்டு மாசத்துக்கு ஒரு தாள். நானும் வருவேன். எனக்கும் பங்கு உண்டு."

பங்கு என்ற சொல்லுக்கு அந்தத் தெருவில் எல்லோரும் கட்டுப்படுவார்கள், தையற்காரியும் கட்டுப்பட்டாள். அடுத்த தாளில் மகள் வேறோர் அருவிக்கு வந்தாள். முதல் அரை நாள் அப்பாவிடம் பேசவில்லை. நர்ஸிங் பள்ளியில் பட்டம் வாங்கிய நாளில் வராதவர், வேலை கிடைத்து ரயில் ஏறிய நாளில் பிளாட்பாரம் தீரும்போது ஓடி வந்தவர், இப்போது மட்டும் திறக்கும் நேரத்துக்கு டாண் என்று நிற்பது அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. மத்தியானம் கணக்கர் தாமாகவே செருப்பைக் கழற்றி, பேனாவையும் சட்டையையும் மனைவியிடம் கொடுத்துவிட்டு, நீச்சல் தெரியாத ஆள், பாறையைப் பிடித்துப் பிடித்து அருவிக்கு அடியில் போய் நின்றார். நடுங்கிக்கொண்டே மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். "அப்பா, வழுக்கி விழுந்துடப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் போய்ப் பிடித்துக்கொண்டாள். விழுந்தால்தான் என்ன ஆகிவிடும் என்று இருவருக்கும் அதற்கப்புறம்தான் தோன்றியது. தண்ணீருக்கு அடியில் அவர்கள் சிரித்தது கரையில் இருந்தவளுக்குக் கேட்கவில்லை. பற்கள் மட்டும் தெரிந்தன.

அதன் பிறகு நாட்கள் தேறின. மலை உச்சியில் பார்வைமேடைக்குப் போன இரண்டு நாளும் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. வந்தவர்கள் எல்லோரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்க, கணக்கர் ஒன்றுமே தெரியாத வெள்ளையைப் பார்த்துக்கொண்டு விசில்வரை உட்கார்ந்திருந்தார். எண்ண ஒன்றும் இல்லாத இடம் அவருக்கு அமைதியாக இருந்ததாம். நீர்நாய் ஒன்று மீனைத் தின்று கையைக் கழுவிக்கொள்வதை ஒரு மணி நேரம் பார்த்தார். மூன்றாம் ஆண்டில் கேஸைப் பற்றியும் கதவைப் பற்றியும் கேட்பதை நிறுத்தினார். தையற்காரிக்குத்தான் வீடு திரும்பும்போது கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகம் வர ஆரம்பித்தது.

முப்பத்தெட்டாவது நாள், படகு விடும் ஏரியில், முதலாளி வந்து சேர்ந்தார். டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே வந்தார். கடைக்குப் புதிதாக வந்த கணக்கர் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் இருந்த சரக்கு கிடங்கில் இல்லை, கிடங்கில் இருந்த சரக்கு கம்ப்யூட்டரில் இல்லை. பெரிய கட்டட ஒப்பந்தம் ஒன்றுக்கு நாலாயிரம் பித்தளைக் கீல்கள் நான்கு நாளில் அனுப்ப வேண்டும். வாங்கியது உறுதி, விற்றதாகப் பேச்சே இல்லை, ஆனால் மூன்று மாடியில் எங்கேயும் காணோம். முதலாளி மெலிந்திருந்தார். இறந்த ஊழியரைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில் முதலில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார். பிறகு நேரே தையற்காரியிடம் வந்தார். யாரிடம் பேரம் பேச வேண்டும் என்பது தெரிந்தவர்.

"அம்மா, ஒரு மூணு நாள் வந்து ஸ்டாக் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. இன்னிக்கே இப்பவே கிளம்பணும். கடை ஆளு, கடைக்குன்னு கூப்பிட்டா எல்லை தாண்டலாம்னு நினைக்கிறேன்."

"அட்டையில தக்க ஈடுன்னு போட்டிருக்கீங்களே" என்றாள் அவள். மூன்று வருடத்தில் அந்த அட்டை அவளுக்கு மனப்பாடம்.

"ஒரு நாளுக்கு ஒரு நாள்."

"சிரிப்பு காட்டாதீங்க முதலாளி. ஒரு நாளுக்கு அஞ்சு."

"அஞ்சா? கம்பெனிய எழுதிக் குடுத்துடவா? ரெண்டு."

"செத்துப்போனவரு. ஆபத்து அதிகம். நாலு."

"செத்துப்போனவருக்கு என்னம்மா ஆபத்து? சரி, மூணு. அதுக்கு மேல என் புள்ள கேட்டாலும் இல்ல."

மூன்றுக்கு மூன்று ஒன்பது நாள். தையற்காரியின் மனம் ஒன்பது நாளையும் அந்தக் கணத்திலேயே விரித்துப் பார்த்துவிட்டது: ஒன்பது திறப்பு, ஒன்பது விசில். சரியென்று தலையாட்டிவிட்டுக் கணக்கர் பக்கம் திரும்பினாள். முதலாளி கூப்பிட்டால் பாதிச் சாப்பாட்டில் கை கழுவுகிற மனுஷன். அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்றே இருவருக்கும் தோன்றவில்லை. கணக்கர் கடலைப் பொட்டலத்தின் அடியில் விரலைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"வரல முதலாளி" என்றார்.

"என்னது?"

"லீவுல இருக்கேன்."

இருபத்தொன்பது வருடத்தில் முதலாளி கேட்டிராத சொல் அது. கோபம் வரும் என்று தையற்காரி எதிர்பார்த்தாள். அவரோ பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கணக்கர் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினார். "கீலுதானே? மூணாவது மாடிப்படிக்குக் கீழ, பெயிண்ட் டின்னுக்குப் பின்னால, சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கேன். அங்கதான் ஈரம் ஏறாது." அவ்வளவுதான். மூன்று நாள் வேலை, ஒன்பது நாள் விலை பேசப்பட்ட சரக்கு, ஒரு வாய் கடலையோடு கைமாறியது. முதலாளி கடலையை வாங்கிக்கொண்டு, வந்ததற்கு ஏரியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். காலண்டரில் பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கிறது என்றாராம்.

இருவரும் படகில் நடு ஏரிக்குப் போனார்கள். பிறகு, "ஒன்பது நாளுங்க. உசிரோட இருந்தப்ப முடியாதுன்னு சொல்ல வராத வாய், லாபம் வர்ற அன்னிக்கா தொறக்கணும்?" என்றாள்.

"இன்னிக்கு நாளக் குடுத்துட்டு ஒன்பது வாங்கறதா?" என்றார் கணக்கர். "நான் இத்தன வருஷம் போட்ட கணக்கே அதுதான். பாரு, நாரை."

அவள் பார்க்கவில்லை. அப்புறம் பார்த்தாள்.

மீதி நாட்கள் அதனதன் வேகத்தில் போயின. யானைக் காடு, கழிமுகம், ஆமை முட்டையிடும் கடற்கரை, வௌவால் குகை. இருபத்தெட்டாவது தாளும் தீர்ந்தபோது ஐம்பத்தாறு நாள் கழிந்திருந்தது. மிஞ்சியது ஒரே தாள், ஒரே நாள். அதை அவள் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பதினோரு மாதம் அது அங்கேயே கிடந்தது. காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, படுக்கப் போகும்முன் ஒருமுறை பீரோவைத் திறந்து தாள் இருக்கிறதா என்று பார்ப்பாள். விடுமுறைக்கு வந்த மகள் இரண்டு நாள் இதைக் கவனித்துவிட்டு, "அம்மா, நீங்களே பூட்டாயிட்டீங்க" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். தையற்காரி அன்று மெஷின் முன்னால் வெகுநேரம் தைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் தாளை எடுத்துத் தேதி போட்டாள்.

அப்போதுதான் இடத்தின் பெயரைச் சரியாகப் பார்த்தாள். அடுக்கில் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் எழுதிய முதல் விண்ணப்பம். கல்யாணமாகி நான்கு மாதம். காலண்டர் எதுவும் கைக்கு வராத காலம். ஊரில் நல்ல இடம் என்று எதுவும் தெரியாத வயது. 'ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புல்மேடு' என்று எழுதியிருந்தார். அருவி இல்லை, விலங்கு இல்லை, ஊரைத் தாண்டி நடைபாலத்தில் போனால் அரை மணியில் வந்துவிடும் வெறும் மேடு. தையற்காரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனை சரணாலயம் இருக்க, கடைசி நாளுக்கு இந்தக் கட்டாந்தரையா? திருத்தி எழுதலாம் என்றால், அடித்தல் திருத்தல் செல்லாது என்று தாளின் அடியிலேயே அச்சாகியிருந்தது.

ரொட்டியும் வேகவைத்த முட்டையும் எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, விடியும்போதே போய்விட்டாள். கணக்கர் முன்னதாகவே வந்து புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். டிக்கெட் வாங்க இடமில்லாததால் யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஆள்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டு கூட்டைச் சுற்றின. ஒரு முயல் வந்து மூவரையும் பார்த்துவிட்டு, வியாபாரம் படியாது என்று தெரிந்தவர்போலப் போயிற்று. ஆறு கீழே வளைந்து போவதும், கடைத்தெருக் கூரைகளும், இரும்புக் கிடங்கின் மூன்றாம் மாடியும் தெரிந்தன. கணக்கர் கிடங்கைப் பார்த்தார், பிறகு சாவகாசமாக முட்டையை உரித்தார். மகள் அப்பாவின் தொடையில் தலை வைத்துத் தூங்கிப்போனாள்.

பொழுது சாய்ந்ததும் கணக்கர் வழக்கப்படி எழுந்து கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார். பேனாவைச் சரிசெய்துகொண்டார். "சரி, வரேன்மா. உடம்பப் பாத்துக்க" என்றார். மகளின் தலையைத் தொட்டார். மூவரும் விறைத்து நின்றார்கள். விசில் கேட்கவில்லை. "நேரமாச்சே" என்றார் கணக்கர். இன்னும் கொஞ்சம் நின்றார்கள். சூரியன் போய்விட்டது. அவர் மறுபடி விடைபெற்றார். மூன்றாம் முறையும் பெற்றார். வழியனுப்ப வந்தவர்கள் நிற்க, வரவேண்டிய பஸ் வராமல் போனவர் முகம்போல அவர் முகம் சங்கடப்பட்டது.

"ஊதலையே."

"யாருங்க ஊதுறது?" என்றாள் தையற்காரி, மெல்ல. "இங்க கேட்டும் இல்ல, காவலாளியும் இல்லையே."

மகள்தான் முதலில் உட்கார்ந்தாள். பிறகு மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள். காலையில் கணக்கர் அங்கேயேதான் இருந்தார், பனியில் நனைந்த சட்டையோடு, பசிக்கிறது என்றார். திறக்காத இடத்தை யார் அடைப்பது? விடுப்பு நாள் முடியவே இல்லை. பாலத்தில் கால் வைத்தால் நாலாவது அடியில் திரும்பவும் புல்மேட்டிலேயே நின்றார். அது ஒன்றுதான் கட்டுப்பாடு. தையற்காரி ஜன்னல் திரைத்துணியில் ஒரு கூடாரம் தைத்தாள். கோடு போட்ட துணி, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு வீட்டு ஜன்னலை மட்டும் கழற்றிக்கொண்டு வந்து வைத்ததுபோல இருக்கும். பிறகு மெஷினையும் அங்கேயே கொண்டுபோனாள்.

புல்மேட்டில் ஒருவர் ஓய்வாக இருக்கிறார் என்று தெரிந்ததும் ஊரார் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள். வந்து பார்த்த பிறகுதான் அங்கிருந்து ஆறு அழகாகத் தெரிகிறது என்பதைக் கண்டுபிடித்தார்கள். ஊர் கண்டுபிடித்ததைச் சுற்றுலாத் துறை கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. அளவு நாடாவோடு வந்தார்கள். சுற்றிலும் கம்பிவலை, முகப்பில் இரும்பு கேட், பெரியவர்களுக்கு இருபது, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. பெயர்ப்பலகைக்கு ஆர்டர் போய்விட்டது. தையற்காரி கையில் துணியை வைத்துக்கொண்டு அளவெடுப்பதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கேட் வந்தால் ஆறு மணி வரும், ஆறு மணி வந்தால் விசில் வரும். அன்று மத்தியானமே பாலம் தாண்டி, பல வருடமாக ஏறாத கடைப்படியை ஏறினாள். துறைக்கு இரும்புச் சாமான் போட ஒப்பந்தம் எடுத்தவர் அந்த ஒரு முதலாளிதான். வேறு யாரிடமும் அவர்கள் வாங்க முடியாது.

"கேட்டுக்கு ஆர்டர் வந்துச்சா முதலாளி?"

"வந்துச்சு. ஒரு பெரிய கேட், அறுநூறு மீட்டர் வலை, நாலு பூட்டு."

"என்ன சொல்லப் போறீங்க?"

"ஸ்டாக் இல்லம்மா."

அவருக்குப் பின்னால் சுவரில் சாய்த்து முப்பது கேட்டுகள் அடுக்கியிருந்தன. தையற்காரி அவற்றைப் பார்த்தாள், முதலாளியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "அதுவா? அது எண்ணாத சரக்கு. எண்ணாத சரக்கு இருப்புல வராது" என்றார். "ஸ்டாக் எடுத்து முடிக்கட்டும், அனுப்பறேன்னு எழுதிட்டேன். அடுத்த வருஷமும் கேப்பாங்க. கேக்கட்டும். தள்ளிப்போடறதுல எனக்கு இருபத்தொம்பது வருஷப் பழக்கம்மா."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். சுற்றுலாத் துறையின் நினைவூட்டல் கடிதங்கள் அதே மேஜை இழுப்பறையில் சேர்ந்தன. அதிகாரிகள் மாறினார்கள்; புதிதாக வருகிறவர் ஒருமுறை புல்மேட்டுக்கு வந்து பார்ப்பார், கணக்கர் கொடுக்கும் கடலையை வாங்கிக்கொள்வார், நல்ல இடம், கேட் வந்ததும் திறக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போவார். முதலாளிக்கு லாபம் தரும் ஆர்டர் ஒன்று ஆண்டுதோறும் கைநழுவியது. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அவரும் மேட்டுக்கு ஏற ஆரம்பித்தார். மகள் லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்தாள், ஒரு வருடம் கணவனோடும், அடுத்த வருடம் கைக்குழந்தையோடும். தையற்காரியின் தலை முழுக்க நரைத்தது. கணக்கருக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அதைச் சொல்லி அவள் கேலி செய்தாள், அவர் கேட்டுக்கொண்டார்.

வருடக் கடைசியில் கடையின் விடுப்புப் பதிவேட்டை முடிக்கும்போது புதுக் கணக்கர் ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கத்தில் வந்து நிற்பார். ஆள் இறந்து எத்தனையோ வருடமாகிறது, கணக்கு ஏன் திறந்திருக்கிறது என்பார். முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட்டலைத் தாமே ஒருமுறை சரிபார்த்து, போன வருடம் எழுதிய அதே வரியை எழுதச் சொல்வார்: அனுமதித்தது ஐம்பத்தேழு நாள். கழிந்தது ஐம்பத்தாறு. ஒன்று நடப்பில் உள்ளது.